கேபி செய்த குற்றமும் நாம் செய்யும் குற்றமும்

கதையொன்றைப் படிப்போர் அதில் வரும் கொடியவனை வெறுப்பது இயல்பு. ஆனால் கொடுமையை விதைத்தவனை மன்னித்துவிட்டு, அக்கொடுமையில் பிறந்து, அதையே பாடமாகப் பயின்று, பின்னர் அது தவறென்று தானே உணர்ந்து தலைகுனிந்த ஒரு சிறுமியை மட்டும் மனமார வெறுப்பது எவ்வகை நியாயம்? ஜப்பானியச் சித்திரக் கதைகளிலே ஊறிய நம் இளைஞர் கூட்டத்தில் கேபி ப்ரௌன் என்ற பெயரை எடுத்தவுடன் முகங்கள் சுளிப்பதையும், அவள் சாகவில்லையே என்று சிலர் வருந்துவதையும் நாம் கண்டிருக்கிறோம். உலகெங்கணும் இக்கதையைப் பார்த்தோரிடையே அவளுக்கு எதிரான கூச்சலே ஓங்கி நிற்கிறது. எனவே இவ்வாரம் நாம் அச்சிறுமியின் பக்கம் நின்று வழக்காட முன்வந்திருக்கிறோம். அவள் குற்றமற்றவள் என்பது நம் வாதமன்று. அவளுக்கு நாம் அளித்த தீர்ப்பு நியாயமற்றது என்பதே நம் வாதம்.

கதையின் வரலாறு

இக்கதையை அறியாத பெரியோர்க்காகச் சில சொற்கள். இசயாமா ஹஜிமே என்பவர் 1986-இல் பிறந்த ஜப்பானிய ஓவிய எழுத்தாளர். அவர் எழுதி வரைந்த 'ஷிங்கெக்கி நோ க்யோஜின்' என்ற தொடர், 2009 செப்டம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை கோடன்ஷா நிறுவனத்தாரின் மாத இதழொன்றில் வெளிவந்தது. மொத்தம் 139 அத்தியாயங்கள். நூலாக 34 பாகங்கள். ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகள் இதனை 'அட்டாக் ஆன் டைட்டன்' என்பர். 2011-ஆம் ஆண்டிலேயே கோடன்ஷா பரிசு இதற்குக் கிடைத்தது. விட் ஸ்டூடியோ என்ற நிறுவனத்தார் 2013-இல் இதனை அசையும் சித்திரப் படமாக்கத் தொடங்கி மூன்று பருவங்களை முடித்தனர். இறுதிப் பருவத்தை மாப்பா என்ற நிறுவனத்தார் ஏற்று, 2020 டிசம்பரில் தொடங்கி 2023 நவம்பரில் நிறைவு செய்தனர்.

மனிதரைத் தின்னும் பேருருவ அரக்கர்களுக்கு அஞ்சி மூன்று பெருமதில்களுக்குள் ஒடுங்கி வாழும் ஒரு மக்கள் கூட்டம், தன் தாயை அரக்கன் விழுங்கக் கண்ட பத்து வயதுச் சிறுவன் எரன், அரக்கரை ஒருவர் விடாமல் ஒழிப்பேன் என்று சூளுரைக்கிறான், இதுவே தொடக்கம். பல ஆண்டுகள் சென்றபின்தான் மர்மம் விளங்குகிறது. அவ்வரக்கர்களும் மனிதர்களே. கடலுக்கு அப்பாலுள்ள மார்லி என்னும் வல்லரசு, எல்டியர் என்ற இனத்தாரைப் பிடித்து அரக்கராக்கி, அதே இனத்தார் வாழும் பாரடிஸ் தீவின்மீது ஏவி வந்திருக்கிறது. மார்லியிலே எஞ்சிய எல்டியர்கள் லிபீரியோ போன்ற வேலியிட்ட சேரிகளில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கையில் இனப்பட்டை கட்டாமல் அவர்கள் வெளியே நடமாடக் கூடாது. அனுமதியின்றி ஆகாயக் கப்பலை வேடிக்கை பார்க்கச் சென்ற ஒரு சிறுமியை நாய்களுக்கு இரையாக்கிய அதிகாரியையும் இக்கதை காட்டுகிறது.

அந்தச் சேரியிலே பிறந்த பன்னிரண்டு வயதுப் பெண்தான் கேபி.

அவள் பயின்ற பாடம்

கேபி பிறந்த நாள் முதல் கேட்ட பாடம் ஒன்றே: 'நீ இழிந்த இனத்தில் பிறந்தவள். உன் முன்னோர் உலகிற்குப் பெருந்தீங்கு இழைத்தனர். தீவிலே இருப்போர் இன்றும் பிசாசுகள். அவர்களை ஒழித்தால்தான் நீ நல்ல எல்டியள் என்று உலகம் ஒப்பும்.' வீரர் பதவியைப் பெற்று அரக்க வலிமையை ஏற்றுக்கொண்டால் அவள் குடும்பத்தார்க்குக் கௌரவ மார்லியர் என்ற பட்டம் கிட்டும். அதற்கு விலை அவளுடைய ஆயுள். வலிமையை ஏற்றவர் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. அந்த விலையைக் கொடுக்க அவள் மகிழ்ச்சியோடு ஆயத்தமாயிருக்கிறாள். கதையில் அவள் முதன்முதல் தோன்றும் போர்க்களத்தில், கையெறி குண்டுகளை ஒன்றாகக் கட்டி, சரணடைபவள்போல் நடித்து, பகைவரின் கவச ரயிலைக் கவிழ்த்துவிட்டுக் குதூகலிக்கிறாள்.

அந்தக் குதூகலம் நம் வாசகர் பலருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆணவக்காரி என்றனர். அது ஆணவமா, அச்சமா என்று எவரும் ஆராயவில்லை. தன் இனம் முழுமையும் இழிந்ததென்று நம்ப வைக்கப்பட்ட குழந்தை, 'நான் மட்டும் அப்படியல்ல' என்று காட்டுவதற்காகக் கூவும் கூவல் அது. பின்னர் தீவிலே தப்பி ஓடும்போது, தோழன் ஃபால்கோ அவள் கைப்பட்டையைப் பிடுங்கி எறிகிறான். அதற்கு அவள் சீறுகிறாள். அடிமைச் சின்னத்தையே தன் மானமாகக் கருதும் மனம் எவ்வளவு ஆழமாகக் கெடுக்கப்பட்டிருக்க வேண்டும்! இழிவைச் சுமப்பவனே அவ்விழிவுக்குக் காவலனாக நிற்கும் காட்சியை நம் சமூகத்திலே நாம் காணாததா? தனக்கு மேலே உள்ளவன் கொடுத்த பட்டத்திற்காகத் தன்னோடு பிறந்தவனை இழித்துரைப்பவர் நம்மிடையே இல்லையா?

கொலை

எரனும் அவன் தோழர்களும் லிபீரியோவைத் தாக்கும் இரவு வருகிறது. விழாக் காண வந்த பொதுமக்கள் நசுங்கி மடிகிறார்கள. கேபியின் தோழி ஸோஃபியா கற்பாறை விழுந்து சாகிறாள். உதவி தேடி ஓடிய தோழன் ஊடோ கூட்டத்தின் காலடியில் மிதிபட்டு மாய்கிறான். அறிமுகமான வாயிற்காவலர் சுடப்பட்டு வீழ்கின்றனர். ஊரும் தோழரும் ஒரே இரவில் அழிந்ததைக் கண்ட அச்சிறுமி, துப்பாக்கி ஏந்தி, பின்வாங்கும் பகைவரின் ஆகாயக் கப்பலில் தொற்றி ஏறி, எதிர்ப்பட்ட முதல் ஆளைச் சுடுகிறாள். சுடப்பட்டவள் சாஷா.

சாஷா யார்? வேடன் மகள், பயிற்சியின் முதல் நாளில் அதிகாரியின் முன்னாலேயே அவித்த கிழங்கைத் தின்று எல்லோரையும் சிரிக்க வைத்தவள், சாகும்போதும் இறைச்சியை நினைத்தபடியே கண் மூடியவள். 2013 முதல் அவளோடு சிரித்துப் பழகிய உலகம், 2021-இன் தொடக்கத்தில் அவள் சாவைத் திரையில் கண்டு அழுதது. அழுத கண்கள் அக்கணமே கேபியைப் பகைவியாகத் தீர்மானித்தன.

வாசகர்கள் இங்கே ஒரு கணக்குப் பார்க்கும்படி வேண்டுகிறோம். கேபியின் உறவினன் ரைனர். அவனும் சிறுவயதில் அதே பாடம் பயின்றவன்தான். தீவின் மதிலை உடைத்து ஆயிரக்கணக்கானோரை அரக்கர் வாய்க்கு இரையாக்கியதில் அவனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவனுடைய மனவேதனையைக் கண்டு இரசிகர்கள் இரங்கினர். இன்று அவன் எல்லோர்க்கும் பிரியமானவன். எரனோ இறுதியில் உலக மக்களில் பத்தில் எட்டுப் பேரைக் காலில் மிதித்து அழிக்கிறான். அவனுக்காக வாதாடும் இளைஞர் ஆயிரம் பேர் உளர். ஆயிரம் பேரைக் கொன்றவனுக்கு இரக்கம்; உலகையே கொன்றவனுக்கு வழக்கறிஞர்; நமக்குப் பழக்கமான ஒருத்தியைக் கொன்ற குழந்தைக்கு மட்டும் தூக்குக் கயிறு! இறந்தவர்களை எண்ணிப் பார்த்து அளித்த தீர்ப்பு இதுவன்று. இறந்தவர் நமக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்று பார்த்து அளித்த தீர்ப்பே இது. மார்லியர் எல்டியருக்கு அளித்த தீர்ப்பும் இத்தகையதே.

படம் செய்த மாறுதல்

ஏட்டில் படித்தவர்களைவிடத் திரையில் பார்த்தவர்களே கேபியை அதிகமாக வெறுத்தனர் என்பது நம் எண்ணம். இதற்குப் படத்தின் இயல்பிலேயே காரணங்கள் உள.

முதலாவது, குரல். ஏட்டிலே வரையப்பட்ட கூச்சலுக்கு ஓசை கிடையாது. படிப்பவன் விரும்பிய இடத்தில் நின்று, சிறுமியின் கண்களிலுள்ள கலக்கத்தைக் கவனித்துவிட்டு அப்பால் போகலாம். திரையிலோ சகுரா அயானே என்ற நடிகையார் அச்சிறுமிக்கு அளித்த குரல் நெருப்பாகச் சுடுகிறது. அந்நடிகையாரின் திறமை மிகப் பெரிது. அத்திறமையே கேபிக்கு எதிர்ச் சாட்சியாக முடிந்தது. வெறி கொண்டு கத்தும் குரல் காதில் நிற்கிறது; உடனே வரும் நடுக்கம் நிற்பதில்லை.

இரண்டாவது, இடைவெளி. புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவன் குற்றத்திலிருந்து மனமாற்றத்திற்கு ஓர் இரவில் சென்று சேரலாம். படம் பார்த்தவர்களோ 2021-இன் தொடக்கத்தில் கொலையைக் கண்டனர். அவள் திருந்தி நிற்கும் காட்சியை 2022-இன் தொடக்கத்தில்தான் கண்டனர். ஓராண்டுக் காலம் வெறுத்தவர்களுக்கு அவ்வெறுப்பே பழக்கமாகிவிட்டது. வழக்கு முடியுமுன்னே தீர்ப்பெழுதியவர்கள், சாட்சி வந்தபோது நீதிமன்றத்தில் இல்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது படத்தின் குற்றமன்று, நம் குற்றம். எரன் சிறுவனாக இருந்தபோது கத்தினான், சூளுரைத்தான், எதிரியை ஒருவர் விடாமல் கொல்வேன் என்றான். அதை வீரம் என்றோம். அதே சொற்களை அதே வெறியோடு ஒரு பெண் குழந்தை கூறினால் வாய்த்துடுக்கு என்கிறோம். அவளை அடக்க வேண்டும், அறைய வேண்டும் என்றுகூடப் படித்த இளைஞர்கள் பேசுகிறார்கள். ஆசிரியரோ இருவரையும் ஓரச்சில் வார்த்திருக்கிறார். எரனின் பால்ய நண்பன் அர்மின், கேபியின் பேச்சைக் கேட்டு, இவள் தனக்குத் தெரிந்த ஒருவனைப் போலவே இருக்கிறாள் என்னும் கருத்துப்படப் பேசுகிறான். அக்குறிப்பு பார்ப்போருக்காகவே வைக்கப்பட்டது. ஆண் பிள்ளையின் சினத்திற்கு ஒரு நீதி, பெண் பிள்ளையின் சினத்திற்கு வேறொரு நீதி என்னும் பழைய வழக்கத்தை நாகரிகப் படம் பார்க்கும் போதும் நாம் கைவிடவில்லை.

எதிர்வாதங்கள்

எதிர்த்தரப்பார் கூறுவனவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை. சிறையிலிருந்து தப்பும் போது, நோயாளிபோல் நடித்து, உதவ வந்த காவலனைக் கல்லால் அடித்துக் கேபி கொல்லுகிறாள். அக்காட்சி கொடூரமானது. அருகிலிருந்த ஃபால்கோவே திகைத்துப் போகிறான். தமக்கு உணவும் உறைவிடமும் அளித்த வீட்டாரையும் அவள் பிசாசுகள் என்று கருதுகிறாள். இவை உண்மை. ஃபால்கோவும் அதே சேரியில் வளர்ந்தவன்தானே, அவன் மட்டும் எவ்வாறு நல்லவனாயிருக்கிறான் என்ற கேள்வியும் வலிமையுடையதே.

இதற்கு நம் விடை வருமாறு. நஞ்சூட்டப்பட்ட இரு குழந்தைகளில் ஒன்று பிழைத்துக்கொண்டது என்பதற்காக, மற்றொன்று நோயுற்றது அதன் குற்றம் என்று எந்த வைத்தியனும் சொல்லமாட்டான். அன்றியும், நல்லவனாகவே இருக்கும் ஃபால்கோவால் ஒரு பாடத்தை நமக்குக் கற்பிக்க இயலாது. வெறுப்பு எவ்வாறு ஒரு மனத்தை விட்டு வெளியேறுகிறது என்பதே அப்பாடம். வெறுப்பு உள்ளே இருந்தவரிடத்தில்தான் அது வெளியேறுவதைக் காண முடியும். அதனாலேயே ஆசிரியர் அந்தச் சுமையைக் கேபியின் தலையில் வைத்தார்.

கயாவின் கேள்வி

அவ்விரு குழந்தைகளுக்கும் அடைக்கலம் தந்த வீடு சாஷாவின் பெற்றோருடைய வீடு. அங்கே கயா என்றொரு பெண் வளர்கிறாள். அவள் தாய், கால் நடக்க இயலாதவள். ஊரார் கைவிட்டு ஓட, மகளின் கண்முன்னே அரக்கனால் மெல்ல மெல்லத் தின்னப்பட்டவள். அன்று கயாவைக் காப்பாற்றியவள் சாஷா. வந்திருப்போர் மார்லியர் என்று கண்டுகொண்ட கயா, தன் தாய் இறந்த இடத்திற்கே அவர்களை அழைத்துச் சென்று, என் தாய் என்ன குற்றம் செய்தாள் என்று கேட்கிறாள். கேபி, பாடப் புத்தகத்தில் பயின்றபடி, முன்னோர் செய்த கொடுமைகளை ஒப்பிக்கிறாள். என் தாய் இவ்வூரில் பிறந்தவள். அவள் அவற்றில் எதையும் செய்யவில்லையே. பின் ஏன் அவள் அப்படிச் செத்தாள் என்று கயா மீண்டும் கேட்கிறாள். கேபியிடம் விடையில்லை. பாடப் புத்தகத்தில் அவ்விடை இல்லை. இறுதியில் ஃபால்கோதான் அந்தத் தாய் ஒரு குற்றமும் செய்யவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொள்கிறான்.

பின்னர் உணவு விடுதியில் உண்மை வெளியாகிறது. சாஷாவைக் கொன்றவள் இவளே என்று அறிந்து, சாஷாவை நேசித்த சமையற்காரன் நிக்கோலோ சாஷாவின் தந்தையிடம் கத்தியை நீட்டுகிறான். வேடனாகிய அத்தந்தை பழி வாங்கவில்லை. காட்டிலே ஒன்றையொன்று கொன்று வாழும் வாழ்விலிருந்து மகளை வெளியே அனுப்பினேன். வெளியுலகமும் பெருங்காடாகவே இருந்தது. அக்காட்டின் பழிகளைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும், குழந்தைகளை வெளியேற்ற வேண்டும் என்னும் பொருள்பட அவர் பேசுகிறார். 2021 மார்ச்சில் இக்காட்சி திரையில் வந்தது. மகளை இழந்தவரே மன்னிக்க ஆயத்தமாயிருக்க, படம் பார்த்தவர்கள் மன்னிக்க மறுத்தனர்! அந்த அறையில் கயா கத்தியோடு பாய்ந்தாள். அவளை நாம் குறை கூறோம், அவள் இழந்தவள். எதையும் இழக்காமல் இருக்கையில் அமர்ந்து பார்த்த நாம் எதற்காகக் கத்தியெடுத்தோம்?

அதன் பின்னர் கேபியின் மனம் உடைகிறது. தீவிலே பிசாசுகளைத் தேடினேன், மனிதர்களையே கண்டேன், பிசாசு என்னிடத்திலேதான் இருந்தது என்ற முடிவுக்கு அவள் வருகிறாள். அரக்கர் மீண்டும் வந்தபோது, தன்னைக் கொல்ல முயன்ற கயாவைக் காக்கத் துப்பாக்கி எடுக்கிறாள். சாஷா அன்று செய்ததை, சாஷாவைக் கொன்ற கை இன்று செய்கிறது. கயாவும் போர்வீரர்களிடம் பொய் சொல்லி அவளைத் தம் வீட்டுப் பெண் என்று காக்கிறாள். இதைவிட மேலான சமாதானப் பத்திரம் எந்த அரசர்கள் எழுதினார்கள்?

நமக்கு இதில் என்ன?

ஒருவன் பிறப்பினாலேயே பாவி, அவன் முன்னோர் செய்ததற்கு அவன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்ற கொள்கையை எதிர்த்தே சீர்திருத்த இயக்கம் பிறந்தது. சாதியின் பெயராலும் முன்வினையின் பெயராலும் நமக்குச் சொல்லப்பட்ட பொய்யும், லிபீரியோவின் கைப்பட்டையும் ஒரே தறியில் நெய்யப்பட்டவை. ஆகவே இக்கதை நம்மவர் சிந்திக்கத் தக்கது.

ஓர் ஐயம் எழலாம். இதை எழுதியவர் ஜப்பானியர். 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியப் படையினர், தோட்டங்களிலிருந்து நம்மவரைச் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் நோயாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். போனவர் திரும்பாத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள. முன்னோர் குற்றத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தாதே என்று ஜப்பானியர் ஒருவர் சொன்னால், அது வசதியான உபதேசமாகாதா?

நாம் இதை நன்கு ஆலோசித்தோம். மறந்துவிடு என்று இக்கதை எங்கும் சொல்லவில்லை. கயா மறக்கவில்லை, இறந்த இடத்திற்கே அழைத்துச் சென்று காட்டினாள். கேபியும் தன் செயலை மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லுதல், கேட்டல், ஒப்புக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் நடந்த பின்னரே அவ்விருவர்க்கிடையே கத்தி கீழே விழுந்தது. அந்த ரயில் பாதையில் மாண்டவர்களை நாம் நினைவுகூர வேண்டும். நடந்ததை ஜப்பானிய மாணவனும் பயில வேண்டும். எனினும் இன்று டோக்கியோவில் பிறக்கும் குழந்தையைப் பிசாசு என்போமாயின், நாமும் ஒரு கேபியை வளர்க்கிறோம் என்பதே பொருள்.

கதாசிரியரிடமும் ஒரு குறையுண்டு. கேபி கல்லால் அடித்துக் கொன்ற காவலனுக்காகக் கதையில் எவரும் அழவில்லை. அவனுக்கும் தாய் தந்தையர் இருந்திருப்பர். சாஷாவுக்காக நிறைய பக்கங்கள் ஒதுக்கிய ஆசிரியர், பெயர் தெரியாத அவனை மறந்துவிட்டார். நமக்கு வேண்டியவரின் சாவை மட்டுமே பெரிதாக எண்ணும் பழக்கம் அப்பழக்கத்தைக் கண்டிக்கப் புகுந்தவரையும் விடவில்லை என்றே இதனால் தோன்றுகிறது.

எனினும் பெரிய செயல் பெரிய செயலே. எட்டாண்டுகள் ஒரு பக்கத்தாரை நேசிக்கச் செய்து, பின் மறுபக்கத்துக் குழந்தையை நம்முன் நிறுத்தி, இவளும் உன் எரன்தான், இப்போது என்ன சொல்கிறாய் என்று இசயாமா கேட்டார். பெரும்பாலோர் அக்கேள்விக்கு விடை சொல்லாமல் குழந்தையைத் திட்டினர். இப்படத்தை மறுமுறை பார்க்கும் நண்பர்கள், சாஷா வீழும் அவ்விடத்தில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கி பிடித்த அச்சிறு கைகளின் நடுக்கத்தையும் ஒருமுறை நோக்குவார்களாக. நம் வீட்டுப் பிள்ளைகளின் காதில் நாள்தோறும் யாரைப் பற்றி என்ன சொல்லி வளர்க்கிறோம் என்பதையும் அப்போது சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.